முப்பத்தேழாம் நம்பர் டப்பா

முப்பத்தாறு டப்பாக்களை ஒழுங்காகத் தூக்கி வைத்த கை, முப்பத்தேழாவதிடம் வந்ததும் வழுக்கிக்கொண்டு வெறும் கையாக மேலே போனது.

"மறுபடியும்" என்றார் குறடு.

புரோகிராமர் பெண் பொத்தானைத் தட்டினாள். கம்பிக் கூண்டுக்குள் ரோபோ குனிந்தது. இரண்டு ரப்பர் விரல்களால் டப்பாவை இருபுறமும் பிடித்தது. தூக்கியது. விரல்கள் வந்தன. டப்பா வரவில்லை.

"பதினோராவது தடவை சார்."

"பன்னண்டாவது தடவை வரும் பாரு."

பன்னிரண்டாவது தடவையும் வரவில்லை. அதைத் தாண்டி ஓட்டினால் அடுத்த மூன்றும் சுலபமாக வந்தன. அந்தப் பெண் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

குறடு என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பெற்றோர் வைத்தது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஒரு பேச்சைப் பிடித்தால் விடமாட்டார் என்பதாலும், ஒன்பது வருஷமாகப் பிடிக்கிற சாமான்களையே செய்துகொண்டிருப்பதாலும் அலுவலகம் அவருக்கு அந்தப் பெயரைச் சூட்டி, அது நிலைத்தும் விட்டது. ரோபோவின் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் வெளியில் வாங்கியவை. விரல்கள் மட்டும் குறடு செய்தவை. ஆனால் ஒரு டப்பா கீழே விழுந்தால் தோளையோ முழங்கையையோ யாரும் திட்டுவதில்லை.

கம்பெனி, மருந்து அடைக்கும் கண்ணாடிக் குப்பிகளைச் செய்து விற்கிறது, கேட்பவர்களுக்கு மருந்தும் நிரப்பிக் கொடுக்கிறது. குப்பிகளை நூறு நூறாக வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கிக் கிடங்கில் வைப்பார்கள். கிடங்கில் ஆட்கள் தூக்கும்போது உடைகிறது என்று கம்பெனியின் தலைவியான மேடம் ரோபோ வாங்கினார். விரல் செய்யும் பொறுப்பைக் குறடிடம் கொடுத்து, ஒரு நிபந்தனையும் போட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம், நான்கு தட்டில் பத்துப் பத்தாக அடுக்கிய நாற்பது டப்பாக்களையும் ஒரு குப்பிகூட உடையாமல் எடுத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வெளியிலிருந்து ரெடிமேட் கை வாங்கிக்கொள்ளலாம், குறடின் பிரிவை மூடிவிடலாம்.

"மூடினா நான் என்ன பண்றது மேடம்?" என்று அப்போதே கேட்டிருந்தார்.

"வாங்குற கைக்கு எண்ணெய் போட ஆள் வேணுமில்ல?"

அது கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ரெடிமேட் கையை விற்கிறவன் குறடின் மச்சினன். மனைவியின் சொந்தத் தம்பி. அவன் விற்ற கைக்கு இவர் எண்ணெய் போடுவது என்றால், இனி குடும்பத்தில் எந்தச் சாப்பாட்டு மேஜையிலும் இவர் நிமிர்ந்து உட்கார முடியாது.

அன்று திங்கட்கிழமை. இதுவரை கையை வெளியே மேஜையில் வைத்துத்தான் சோதித்திருந்தார்கள். கூண்டுக்குள் இருந்த உண்மையான அடுக்கில் முழு ஓட்டம் இதுதான் முதல் தடவை. கூண்டையும் அடுக்கையும் ஒரு மாதத்துக்கு முன் போட்டுக் கொடுத்தவர் கிடங்கில் இரும்பு வேலை பார்க்கும் பிட்டர். மகளுக்குப் பிரசவம் என்று அவர் விடுப்பில் போய்விட்டார். அருமையான வேலைக்காரர். சொன்னதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார், எழுதியதைச் செய்துவிட்டுத்தான் தூங்குவார். ஒரு முறை கதவு கிறீச்சிடக் கூடாது என்று சொன்னதற்குக் கதவையே கழற்றி ஓரமாகச் சாத்தி வைத்தவர்.

"கேமரா சரியாப் பாக்குதா?" என்றார் குறடு.

"பாக்குது சார். முதல் வாரம் ஒரு டப்பாவை அளவா வெச்சு ஓட்டினோமே, அப்பதான் ஒழுங்கா வரல. தூண்ல கட்டம் போட்ட தாளை ஒட்டினதுக்கப்புறம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பல."

"அப்ப டப்பாலதான் ஏதோ கோளாறு. எடை?"

"சீட்டுல எல்லாத்துக்கும் ஒரே எடைதான் போட்டிருக்கு." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "உள்ள போய் ஒரு தடவை கையால தூக்கிப் பாத்துடலாமே."

கூண்டின் வாசலில் ஒரு பலகை தொங்கியது. சோதனை மாதம் முடியும்வரை உள்ளே மனிதர் நுழையக் கூடாது. நுழைவதானால் படிவம் நிரப்பி மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றாவது கையெழுத்து மேடத்துடையது. படிவத்தில் 'நுழையும் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், 'என் கையால் தூக்க முடியாத டப்பாவை என் கையால் தூக்கிப் பார்க்க' என்று எழுதி மேடத்தின் முன் நீட்டுவதைக் குறடு மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"அதெல்லாம் வேண்டாம். பிடி போதல. இரட்டிப்பாக்கிடலாம்" என்றார்.

எவ்வளவு இறுக்கினால் பிளாஸ்டிக் தாங்கும் என்று தெரிந்தாக வேண்டும். கிடங்கு டப்பாவை உடைத்துப் பார்க்க அதற்கும் ஒரு படிவம். ஆகவே சோதனை விரல்கள் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி வேலையிலிருந்து திரும்பியபோது சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் இரண்டு இரும்பு விரல்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே அவளுடைய சர்க்கரை டப்பா இருந்தது. பக்கத்தில் உப்பு டப்பா, இரண்டு பருப்பு டப்பாக்கள், காப்பித்தூள் டப்பா எல்லாம் முறை வருவதற்காகக் காத்திருந்தன.

"என்னங்க இது?"

"ஆராய்ச்சி."

"சர்க்கரையோடவா?"

"காலி டப்பா வேற மாதிரி நடந்துக்கும். உள்ள சரக்கு இருந்தாத்தான்..."

படீரென்று ஒரு சத்தம். சர்க்கரை மேஜை முழுக்கப் பரவி, ஓரத்திலிருந்து மெதுவாகத் தரையில் வழிந்தது. குறடு காகிதத்தில் ஓர் எண்ணை எழுதிக்கொண்டார். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு டப்பா வர மாட்டேங்குது, அதானே?"

"யார் சொன்னது?"

"உங்க முகம். கையால தூக்கிப் பாத்தீங்களா?"

காலையிலிருந்து இரண்டு பேர் இதையே கேட்டுவிட்டார்கள். குறடுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ரோபோவுக்குக் கை செய்யறவன் போய்க் கையால தூக்கினா, சமையல்காரன் ஓட்டல்ல சாப்பிட்ட மாதிரி ஆயிடும்."

"பசிச்சா அவனும் சாப்பிடுவான்" என்று சொல்லிவிட்டு அவள் துடைப்பத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை பிடியை இரட்டிப்பாக்கினார். கை முப்பத்தேழாவதை இறுக்கியது. டப்பா முனகியது, நடுவில் கொஞ்சம் ஒடுங்கியும் போனது. ஆனால் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. இது போகட்டும், மற்றவை பழையபடி வருகின்றனவா என்று முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார்கள். நான்காம் டப்பா வெளி மேஜைக்கு வந்து சேர்ந்த கணத்தில் மூடி தானாகத் தெறித்தது. நூறு குப்பிகளும் மேஜையில் உருண்டன. உருண்டதில் அறுபத்திரண்டு தரையைத் தேடிப் போயின.

"நேத்து முப்பத்தொம்பது வந்துச்சு சார். இன்னிக்கு மூணு" என்றாள் புரோகிராமர் பெண்.

"முன்னேறும்போது கொஞ்சம் பின்னாடி போகத்தான் செய்யும்."

"கொஞ்சமா?"

புதன்கிழமை பிடியைப் பழைய அளவுக்கே குறைத்து, விரலின் உள்பக்கம் பிசுபிசுப்பான புது ரப்பரை ஒட்டினார். வழுக்குகிற பேச்சுக்கே இடமில்லை. உண்மையில் வழுக்கவில்லை. முப்பத்தேழாவதில் விரல் ஒட்டிக்கொண்டது. ரோபோ இழுத்தது, டப்பா விடவில்லை. டப்பா பிடித்தது, ரோபோ விடவில்லை. இருவரும் கால் மணி நேரம் அப்படியே நின்றார்கள். கடைசியில் விரலிலிருந்து ரப்பர் உரிந்து டப்பாவின் பக்கத்திலேயே தங்கிவிட்டது. புது ரப்பர் போட்டு மற்ற டப்பாக்களை ஓட்டியபோது முதல் டப்பாவே ரோபோவின் கையைவிட்டு இறங்க மறுத்தது. கையை உதறச் சொல்லிப் புரோகிராம் எழுதினாள் அந்தப் பெண். ரோபோ உதறியது. டப்பா அசையவில்லை, உள்ளே குப்பிகள் மட்டும் கலகலவென்று சிரித்தன. அடிக்கோலை நடுவில் விட்டு நெம்பித்தான் பிரித்தார்கள்.

அன்று மாலை வீட்டில் ஒரு டப்பாவும் கண்ணில் படவில்லை. மனைவி எல்லாவற்றையும் எங்கோ ஒளித்துவிட்டாள். மிளகாய்த்தூள் ஒரு காப்பிக் கோப்பையில் இருந்தது. குறடு அதைப் பார்க்காத மாதிரி சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலையில் அவருக்கு ஞானம் பிறந்தது. பக்கவாட்டில் பிடிப்பதால்தானே இத்தனை தொல்லை, மேலேயிருந்து உறிஞ்சித் தூக்கினால் என்ன? உறிஞ்சும் குமிழ் ஒன்றை மாட்டினார். ரோபோ முப்பத்தேழாவதின் மேல் குமிழை வைத்தது. உறிஞ்சியது. தூக்கியது.

"வருது சார்" என்றாள் அவள். நான்கு நாளில் முதல் தடவையாக அவள் குரலில் உயிர் இருந்தது.

வந்தது. வெளி மேஜையில் ரோபோ அதை மெல்ல, பூப்போல இறக்கி வைத்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். மூடி மட்டும் இருந்தது.

திரையில் தெரிந்த படத்தில் முப்பத்தேழாவது டப்பா திறந்து கிடந்தது. உள்ளே பத்து வரிசையில் பத்துப் பத்துக் குப்பிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக நின்றன. சந்தேகப்பட ஒன்றுமில்லை. கல்லும் இல்லை, இரும்பும் இல்லை. குறடு மூடியைத் திரும்ப வைக்கச் சொன்னார். ரோபோ அதை ஒரு பக்கம் சாய்த்து வைத்தது. அழுத்தி மாட்ட இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, திங்கட்கிழமை முப்பத்தொன்பது டப்பா எடுத்த கை இப்போது எதையும் நம்பி எடுக்கும் நிலையில் இல்லை. நாளை மத்தியானம் மேடம் வருவார். வரும்போது மச்சினனும் வருவான், தன் கையோடு.

அவன் அதற்கு முன்பே வந்துவிட்டான். குறடு வீட்டுக்குப் போனபோது மச்சினன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்றை அக்காவுக்குப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தான். நாளைக்கு நாம ரெண்டு பேரும் மேடைல. அக்காகிட்ட அதான் சொல்லிட்டிருந்தேன்."

"உன் கை என்ன செய்யும்?" என்றார் குறடு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.

"மூணு விரல். முட்டையையும் தூக்கும், இரும்புக் குண்டையும் தூக்கும். எதை எப்படிப் பிடிக்கணும்னு தானே முடிவு பண்ணிக்கும். அத்தான், நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. விக்கிற சாமானை வாங்கிட்டு நிம்மதியா இருக்க வேண்டியதுதானே. எண்ணெய் போடறது ரொம்ப சுலபம். மாசம் ரெண்டு தடவை போதும்."

எண்ணெய் விஷயம் அவன் வரைக்கும் போயிருக்கிறது. குறடு மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"நீ யார் பக்கம்?" என்றார், அவன் போன பிறகு.

"எனக்கு ஒருத்தன் தம்பி, ஒருத்தர் புருஷன். யார் ஜெயிச்சாலும் எனக்கு டப்பா வேணும்."

குறடு சிரிக்க முயன்றார், முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒம்பது வருஷம். நான் செஞ்ச எதுவும் இன்னிவரைக்கும் கிடங்குல ஓடல. ஒண்ணு செலவு அதிகம்னாங்க, ஒண்ணு சத்தம்னாங்க. இது ஒண்ணாவது ஓடும்னு நினைச்சேன். எனக்கு பயமா இருக்கு."

அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு டப்பா இருந்தது. கழுத்தில் தடித்த விளிம்பு வைத்த பெரிய டப்பா, அவள் முதல் சம்பளத்தில் வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டுக்கூடக் கொடுக்காதது.

"இந்தாங்க. இதையும் உடைச்சுப் பாருங்க."

குறடு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் தானாகக் கழுத்து விளிம்புக்கு அடியில் போய் நின்றது. அடடா என்று இருந்தது. கிடங்கு டப்பாவுக்கும் இதே மாதிரி விளிம்பு உண்டு. இறுக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். விளிம்புக்கு அடியில் நாலு கொக்கியைக் கொடுத்துத் தூக்கினால் டப்பா வந்துதானே ஆக வேண்டும்? இரண்டு கரண்டியை வளைத்து அங்கேயே தூக்கிப் பார்த்தார். டப்பாவில் ஒரு கீறல்கூட விழவில்லை. கரண்டிகளைப் பற்றி மனைவி அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கொக்கி தயாராகிவிட்டது. இழுப்பதற்குத்தான் ஒரு வலுவான மோட்டார் தேவைப்பட்டது. ஸ்டோரில் இருந்த ஒரே பெரிய மோட்டார், கிடங்கு வாசலின் இரும்பு ஷட்டரை ஏற்றி இறக்க வாங்கி வைத்தது.

"சார், இது லாரி நுழையற கதவைத் தூக்கற மோட்டார்" என்றாள் புரோகிராமர் பெண்.

"டப்பாவையும் தூக்கும்."

"தூக்கும். அதுக்கப்புறம் கூரையையும் தூக்கும்."

மத்தியானம் மேடம் வந்தார். கூடவே குப்பிகளில் மருந்து நிரப்பும் பிரிவின் ஆட்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மச்சினன் டை கட்டியிருந்தான். விருந்தாளிக்கு முதல் மரியாதை என்று அவனுடைய கையை முதலில் மாட்டினார்கள்.

மூன்று விரலும் பளபளத்தன. முதல் டப்பாவைத் தொட்டு, யோசித்து, பிடித்து, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் தூக்கி வந்து மேஜையில் வைத்தது. இரண்டு, மூன்று, பத்து, இருபது. மேடத்தின் தலை மெதுவாக ஆடத் தொடங்கியது. முப்பத்தாறு வந்து சேர்ந்தபோது குறடுக்கு எண்ணெய் வாசனையே மூக்கில் அடித்தது.

மூன்று விரலும் முப்பத்தேழாவதைத் தொட்டன. யோசித்தன. தூக்கின. விரல் மேலே போனது, டப்பா கீழே இருந்தது. கை மறுபடி யோசித்தது. இன்னும் இறுக்கியது. இன்னும் யோசித்தது. மூன்றாவது விரலின் மூட்டிலிருந்து லேசாகப் புகை வந்தது. பிறகு திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது: 'டப்பா இல்லை.'

"இருக்கே" என்றார் மேடம்.

"அது மேடம்... தூக்க முடியாததை அது இல்லைன்னு எடுத்துக்கும். நேரம் வீணாகாம இருக்க."

"இருக்கிற டப்பாவை இல்லைன்னு சொல்ற கைக்கு நான் பணம் கொடுக்கணுமா?"

மச்சினன் டையைத் தளர்த்திக்கொண்டான். குறடுக்கு அவன்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. அந்த முப்பத்தேழாவது டப்பா மனுஷனுக்கு மனுஷன் பேதம் பார்ப்பதில்லை என்பது தெரிந்ததில் ஓர் ஆறுதல். அடுத்த நிமிஷமே அந்த ஆறுதல் போய்விட்டது. இப்போது அவர் முறை.

டப்பாக்களைத் திரும்ப அடுக்கச் சொல்லி ரோபோவை ஓட்டிவிட்டு, கொக்கிக் கையை மாட்டினார்கள். பார்க்க அழகாக இல்லை. ஷட்டர் மோட்டார் கழுத்தில் உட்கார்ந்திருந்ததால் ரோபோவே சற்றுக் கூன் விழுந்து தெரிந்தது. ஆனால் நாலு கொக்கியும் விளிம்புக்கு அடியில் நுழைந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தன. சத்தம் மட்டும் லாரிக் கதவு திறக்கிற சத்தம். மூன்றாம் தட்டு முடிந்தது. நான்காம் தட்டில் ஆறு வந்தன.

முப்பத்தேழு.

கொக்கிகள் நுழைந்தன. மோட்டார் முனகியது. டப்பா விறைத்தது. மோட்டார் உறுமியது. விளக்குகள் ஒரு கணம் மங்கின. புரோகிராமர் பெண் நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தாள்.

"நிறுத்தாதே" என்றார் குறடு. அவர் தன் இரண்டு கைகளையும் விளிம்புக்கு அடியில் கொடுத்ததுபோல் காற்றில் வளைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

சடக்கென்று ஒரு சத்தம். டப்பா மேலே வந்தது.

எல்லாரும் கம்பியோரம் நெருங்கினார்கள். ரோபோவின் கையில் டப்பா இருந்தது, மூடியோடு. தட்டில் நூறு குப்பிகளும் இருந்தன. பத்து வரிசை, பத்துப் பத்தாக, ஒன்றுகூடச் சாயாமல், நின்றபடியே நின்றன. ரோபோ வெறும் டப்பாவை மேஜைக்குக் கொண்டு வந்து மரியாதையாக இறக்கி வைத்தது. மேடம் அதைச் சாய்த்து உள்ளே கையை விட்டார். கை மறுபக்கம் வெளியே வந்தது. டப்பாவுக்கு அடி இல்லை.

மீதி மூன்று டப்பாக்களை ரோபோ பாட்டுக்கு எடுத்து வைத்தது.

கொக்கியின் விளிம்பு அறுத்திருக்கும், நாலு நாளாக இழுத்த இழுப்பில் பிளாஸ்டிக் விட்டிருக்கும் என்றெல்லாம் குறடின் மனம் ஓடியது. எண்ணெய்க் கேனை எந்தப் பக்கத்துக் கையில் பிடிப்பது என்பது வரை போய்விட்டது.

"டப்பாவை மட்டும் உருவிட்டு, குப்பியை நின்ன இடத்துலயே விட்டிருக்கு" என்றார் மேடம் மெதுவாக. நிரப்பும் பிரிவின் பக்கம் திரும்பினார். "உங்க ஆளுங்க எத்தனை வருஷமா இதைக் கேக்கறீங்க?"

"ஆறு வருஷமா மேடம். டப்பாவைக் கவுத்துக் கொட்டும்போதுதான் பாதி உடையுது. குப்பி அசையாம டப்பாவை எடுக்கவே முடியாதுன்னு எல்லாக் கம்பெனிக்காரனும் கைய விரிச்சுட்டான்."

"நீங்க கேட்டதை இவர் மனசுல வெச்சிருந்திருக்கார்." மேடம் குறடைப் பார்த்தார். அப்படி அவர் யாரையும் பார்த்ததாகக் கம்பெனியில் பேச்சில்லை. "என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

குறடு வாயைத் திறந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் செய்த ஒன்றை ஒருவர் புகழ்கிறார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அது என்ன என்று முதலில் அவருக்குத் தெரிய வேண்டும்.

"செஞ்சு காட்டிட்டுச் சொல்லலாம்னு..." என்றார்.

மேடம் கைதட்டினார். நிரப்பும் பிரிவும் தட்டியது. கடைசியில் மச்சினனும் தட்டினான். பிரிவை மூடுவது இல்லை, இன்னும் இரண்டு ஆள் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் மேடம். திங்கட்கிழமை மருந்துக் கம்பெனிக்காரர்கள் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அவர்கள் முன்னால் நாற்பது டப்பாவையும் இதே மாதிரி உருவிக் காட்ட வேண்டும். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"எப்படி அத்தான் செஞ்சீங்க?" என்றான் மச்சினன், குரலைத் தாழ்த்தி.

"அனுபவம்."

அவன் போனதும் குறடு தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். புரோகிராமர் பெண் மற்ற முப்பத்தொன்பது டப்பாக்களையும் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அடி பத்திரமாக இருந்தது.

"சார், திங்கக்கிழமை இதுங்களும் அந்த மாதிரி வருமா?"

"வரணும்."

"அது ஏன் அப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றாள் அவள். வீட்டுக்கு ஃபோன் செய்து ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல எடுத்த கைபேசியைக் குறடு திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது கிடங்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிட்டர் வந்தார். விடுப்பு முடிந்து வருகிறார், முகமெல்லாம் பல்.

"பேத்தி சார். மூணு கிலோ. அம்மாவும் பிள்ளையும் நல்லா இருக்காங்க."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் குறடு. அது உண்மையாகவே வந்தது. அன்று யாருக்காவது ஏதாவது ஒழுங்காக நடந்திருக்கிறதே என்று இருந்தது.

பிட்டர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"வாசல்ல மேடத்தைப் பாத்தேன். திங்கக்கிழமைக்கு நாப்பது டப்பாவையும் முப்பத்தேழாவது மாதிரியே தயார் பண்ணி வைன்னு சொன்னாங்க. அதுல ஒரு சின்ன சிக்கல் சார்."

"என்ன சிக்கல்?"

"முதல் வாரம் கேமராவுக்கு அளவு டப்பா, ஒரு இம்மிகூட அசையக் கூடாதுன்னு நீங்க சொன்னதால, குப்பியை எல்லாம் எடுத்துட்டு அந்த முப்பத்தேழாவது டப்பாவோட அடியைத் தட்டோட சேர்த்து நாலு போல்ட் போட்டு முடுக்கி, குப்பியைத் திரும்ப அடுக்கி வெச்சேன் இல்லையா, அதே மாதிரி நாப்பதுக்கும் போடணும்னா நூத்தி அறுபது போல்ட் வேணும், ஸ்டோர்ல நூத்தி நாப்பதுதான் இருக்கு. மீதி அஞ்சு டப்பாவை மட்டும் நீங்க சும்மா தூக்கிக்கறீங்களா சார்?"